ஒளிந்துகொள்ளும் குறைகள்: பம்பு தொழிலில் செய்முறைத் தேர்வும் தரமும்

பம்பு கம்பெனி தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "பவுண்டரி போடணுமா, காஸ்டிங்கை வெளியே வாங்கிக்கலாமா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "லேத் போதுமா, சிஎன்சி வாங்கணுமா?" தரத்தைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு விண்ணப்பிக்கும் சமயத்தில்தான் எழுகிறது. அதற்குள் இயந்திரங்கள் வந்து இறங்கியிருக்கும், ஜாப் ஒர்க் ஆட்கள் பேசி முடிக்கப்பட்டிருப்பார்கள், வங்கிக் கடனுக்குத் தவணையும் ஆரம்பித்திருக்கும். அப்போது தரம் என்பது கடைசி மேஜையில் நிற்கிற ஒரு செக்கரின் தலையில் விழுகிறது. அவரால் முடிந்தது, கெட்டதை ஒதுக்கிவைப்பது மட்டும்தான்.

இந்த வரிசையை மாற்றுங்கள். எந்த வேலையை எந்த முறையில் செய்வது என்று முடிவெடுக்கும் அதே நாளில், அதில் எந்தக் குறை பிறக்கும், அது எங்கே தெரியவரும் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கு இது கூடுதலாக அவசியம். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் போனால் பம்பின் எந்தப் பாகத்தையும் எந்த வேலையையும் வெளியே கொடுத்து வாங்கிவிடலாம். காஸ்டிங் ஒருவர், கோர் ஒருவர், கடைசல் ஒருவர், வைண்டிங் ஒருவர், பெயின்ட் ஒருவர். ஒரு ஷெட்டும் அசெம்பிளி மேஜையும் இருந்தால் பம்பு கம்பெனி தயார். ஊர் தருகிற பெரிய வசதி இது. ஆனால் எதை வெளியே கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்ற தெளிவில்லாமல் இந்த வசதியைப் பயன்படுத்தினால், விலை குறைவான இடத்துக்கு எல்லா வேலையும் போய்விடும்.

பாகப் பட்டியலை எடுத்து உட்காருங்கள்

ஒரு மோனோபிளாக் பம்பின் பாகப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே ஒரே கேள்வி: இதில் குறை வந்தால் நம் ஷெட்டுக்குள்ளேயே தெரியுமா, இல்லை விவசாயியின் கிணற்றில்தான் தெரியுமா?

விசிறி, விசிறி மூடி, பெயர்த் தகடு, பேஸ் இவற்றில் குறை வந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். எங்கே விலை சரியாக இருக்கிறதோ அங்கே வாங்குங்கள். ஷாஃப்டில் குறை என்றால் அளவில்தான் பெரும்பாலும்; மைக்ரோமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். வெளியே கொடுக்கலாம், வந்ததும் அளந்து வாங்கினால் போதும். கேசிங்கின் சுவருக்குள் நுண்துளை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்தால் வியர்த்துக் காட்டிவிடும். ஆகவே அதையும் வெளியே வாங்கலாம். ஒரு பீஸ் விடாமல் சோதிக்கிற ஏற்பாடு மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும்.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று இம்பெல்லர், அதன் உள்வழிகள் கண்ணுக்கு எட்டாதவை. இன்னொன்று வைண்டிங், வார்னிஷில் மூழ்கி எழுந்த பிறகு அதில் என்ன நடந்திருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. இந்த இரண்டையும் உங்கள் கண்பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலீடு குறைவாக இருந்தால், புது சிஎன்சியைத் தள்ளிப்போட்டுவிட்டு இந்த இரண்டுக்கும் இடம் ஒதுக்குங்கள். நடைமுறையில் பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். வருகிறவர்களுக்குக் காட்டப் பெருமையாக இருக்கும் இயந்திரம் உள்ளே நிற்கிறது, கம்பெனியின் பெயரைக் காப்பாற்றும் வேலை வெளியே போய்விடுகிறது.

எண்ணிக்கைதான் முறையைச் சொல்லும், ரிஜெக்ஷனையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்

உற்பத்தி முறைகளை எண்ணிக்கையையும் ரகங்களையும் வைத்துப் பிரிப்பது பழைய பாடம். 1979-இல் ராபர்ட் ஹேஸ், ஸ்டீவன் வீல்ரைட் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் இதை ஒரு கட்டமாகவே வரைந்து காட்டினார்கள்: ரகம் அதிகம், எண்ணிக்கை குறைவு என்றால் தனித்தனி வேலை; ரகம் குறைந்து எண்ணிக்கை ஏற ஏற, தொகுதி, லைன், கடைசியில் இடைவிடாத ஓட்டம். இந்தப் பொருத்தம் குலைந்தால் நஷ்டம். மாதம் முப்பது பீஸ் போகிற பெரிய பம்புக்குத் தானியங்கி மோல்டிங் லைன் தேவையில்லை. மாதம் ஆயிரக்கணக்கில் போகிற ஒரு எச்பி பம்பைத் தரையில் கைமோல்டிங் செய்துகொண்டிருப்பதும் சரியில்லை.

இடைப்பட்ட எண்ணிக்கைகளில்தான் குழப்பம் வருகிறது. கணக்குக்காக ஓர் உதாரணம். ஒரு கேசிங்குக்கு மரப் பேட்டர்ன் செய்ய 15,000 ரூபாய், அலுமினிய மேட்ச் பிளேட் செய்ய 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேட்ச் பிளேட்டும் மோல்டிங் மெஷினும் என்றால் ஒரு பீஸுக்குக் கூலி 25 ரூபாய் குறையும். வித்தியாசம் 75,000. அதை 25-ஆல் வகுத்தால் 3,000 பீஸ். அதற்குக் குறைவாக ஓடுகிற மாடல் என்றால் மரமே போதும் என்று பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்தக் கூடாது. மரப் பேட்டர்னில் நூற்றுக்கு எட்டு ரிஜெக்ஷன், மேட்ச் பிளேட்டில் நான்கு என்று இருக்கட்டும். காஸ்டிங் 500 ரூபாய், திரும்ப உருக்கினால் இரும்பாகக் கிடைப்பது 200 என்றால் ஒவ்வொரு ரிஜெக்ஷனும் 300 ரூபாய் நஷ்டம். நூறு பீஸுக்கு நான்கு மிச்சம் என்றால் 1,200. பீஸுக்கு 12 ரூபாய். இப்போது மிச்சம் 37 ரூபாய் ஆகிறது. 75,000-ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 2,000 பீஸிலேயே மேட்ச் பிளேட் கட்டுப்படியாகிறது. அந்த ரிஜெக்ஷன் லேத்தில் கடைந்த பிறகுதான் தெரிகிறது, அதற்குக் கூலி 150 ரூபாய் ஆகிவிட்டது என்றால், இன்னும் குறைந்து 1,750 பீஸுக்கு வந்துவிடும். தரத்தைக் கணக்கில் சேர்க்காதவர் தவறான முறையைத் தேர்ந்தெடுப்பார், அதுவும் நல்ல கணக்குப் போட்டே தேர்ந்தெடுப்பார். உங்கள் சொந்த எண்களைப் போட்டு இந்தக் கணக்கை ஒவ்வொரு மாடலுக்கும் செய்துபாருங்கள்.

மண்ணில் பிறக்கும் குறை

காஸ்டிங்கை வெளியே வாங்கினாலும் பவுண்டரிக்குள் போய் நின்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து விலை பேசிவிட்டு வருகிறவருக்கு விலை மட்டுமே கிடைக்கும்.

மோல்டிங் மண்ணில் சிலிக்கா மணல், பென்டோனைட் களி, நிலக்கரித் தூள், தண்ணீர் இவை சேர்ந்திருக்கும். தண்ணீர் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குக்குள் இருப்பது வழக்கம். கூடினால் உருகிய இரும்பு பட்டதும் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் காஸ்டிங்குக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதுதான் பிளோ ஹோல். குறைந்தால் மண் பிடிப்பில்லாமல் உதிர்ந்து இரும்போடு கலந்துவிடும். அனுபவமுள்ள மோல்டர் ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் இறுக்கி, அந்தக் கட்டியை இரண்டாக ஒடித்துப் பார்ப்பார். விரல் பதிந்த தடம் அப்படியே நின்று, ஒடிந்த விளிம்பு கூர்மையாக இருந்தால் தலையசைப்பார். கை ஈரமானால் மிக்சரைத் திரும்ப ஓட்டச் சொல்வார். அந்தக் கைக்கு மரியாதை கொடுங்கள். ஆனால் ஈரப்பதமும் காற்று ஊடுருவும் திறனும் அளக்கும் சிறு கருவிகள் அதோடு சேர்ந்து இருக்கட்டும். அந்தப் பெரியவர் லீவு எடுக்கும் நாளிலும் இரும்பு ஊற்றத்தானே போகிறோம்.

இன்னொன்று, ரிஜெக்ஷன் கணக்கை ஷிப்ட் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பிற்பகலில் கூடுகிறது என்றால் மோல்டரைத் திட்டுவதற்கு முன் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காலையில் ஊற்றிய பெட்டிகளைத் தட்டி எடுத்த மண் ஆறுவதற்குள் திரும்ப மிக்சருக்குப் போயிருக்கும். சூடான மண்ணில் ஊற்றிய தண்ணீர் நிற்காது, மண்ணும் பேட்டர்னில் ஒட்டிக்கொள்ளும். கூடுதல் மண் வைத்திருப்பது, ஆறவிட இடம் விடுவது, இவைதான் இதற்கு மருந்து. கண்டிப்பால் மண் ஆறாது.

இரும்பு பற்றிச் சுருக்கமாக. பம்பு கேசிங்குக்கு வழக்கமாகக் கேட்பது ஐ.எஸ். 210 தரத்தின் எஃப்ஜி 200 சாம்பல் வார்ப்பிரும்பு. சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் இழுவிசையையாவது தாங்க வேண்டும் என்று பொருள். உலையருகே ஒரு சிறு ஆப்பு வடிவ அச்சில் இரும்பை ஊற்றி, ஆறியதும் உடைத்துப் பார்க்கும் பழக்கம் நல்ல பவுண்டரிகளில் உண்டு. உடைந்த முகம் சாம்பல் நிறமாகவும் நுனியில் மட்டும் சிறிது வெண்மையாகவும் இருக்க வேண்டும். வெண்மை அகலமானால் அந்த இரும்பு மெல்லிய சுவர்களில் கல்போல் கெட்டியாகும். லேத்தில் டூல் உடைகிறது என்று புகார் வந்தால் டூல் கம்பெனியை மாற்றுவதற்கு முன் இந்த ஆப்பைக் கேட்டுப் பாருங்கள். கரண்டியில் போடும் ஃபெரோ சிலிக்கனின் வேலை சில நிமிடங்களில் மங்கிவிடும். ஊற்றத் தாமதமான கடைசிப் பெட்டிகளில்தான் பெரும்பாலும் இந்தக் கோளாறு இருக்கும்.

இம்பெல்லர்

இம்பெல்லருக்கு வழிகள் பல. வார்ப்பிரும்பு, வெண்கலம், நோரில் எனப்படும் பிளாஸ்டிக், தகட்டை அழுத்தி வெல்டிங் செய்த எஸ்.எஸ். நோரிலுக்கு டை செலவு அதிகம், ஆனால் பீஸுக்குப் பீஸ் மாறாது, உள்வழி வழவழப்பாக இருப்பதால் தண்ணீர் அதிக உராய்வில்லாமல் போகும். நாலங்குல போர்வெல் சப்மெர்சிபிளில் அடுக்கடுக்காகப் போடுவதற்கு ஏற்றது. மணல் கலந்து வரும் போரில் அது தேய்ந்துபோகும். வார்ப்பு இம்பெல்லர் சிறிய எண்ணிக்கைக்கும் கட்டுப்படியாகும், புது மாடல் எடுக்க எளிது. ஆனால் அதன் தரம் முழுவதும் கோரில் இருக்கிறது.

கோர் என்பது தண்ணீர் போகிற வழியின் மண் உருவம். அது பெட்டிக்குள் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டால் இம்பெல்லரின் ஒரு தட்டு தடிமனாகவும் மறு தட்டு மெல்லியதாகவும் வரும். வெளியே பார்த்தால் அழகான காஸ்டிங். கடைசலிலும் தெரியாது. பேலன்சிங் மெஷினில் வைத்தால் ஒரு பக்கம் கனம் என்று காட்டும். அங்கே இருப்பவர் கனமான பக்கம் கிரைண்டர் வைத்துத் தேய்த்து பேலன்ஸ் செய்து அனுப்பிவிடுவார். அறிக்கையில் எல்லாம் சரி. ஆனால் நகர்ந்த வழி நகர்ந்தபடியே இருக்கிறது, தேய்த்த இடத்தில் சுவர் மெலிந்தும் விட்டது. ஒரு குறையைத் திருத்துகிற மேஜை, அந்தக் குறையை மறைக்கிற மேஜையாகவும் ஆகிவிடுகிறது.

ஆகவே பேலன்சிங்கில் எவ்வளவு தேய்க்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு போடுங்கள். அதைத் தாண்டிய பீஸைத் தேய்க்காமல் கோர் செய்கிற இடத்துக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு இம்பெல்லரைக் குறுக்கே வெட்டி, தட்டுகளின் தடிமனை அளந்து, வெட்டிய துண்டைக் கோர் மேஜைக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். நல்ல பீஸை வெட்டுகிறோமே என்று வயிறு எரியும். அந்த ஒரு பீஸ் சொல்வதை வேறு எந்தச் சோதனையும் சொல்லாது. கையால் அடிக்கும் சிஓ2 கோரிலிருந்து கோல்டு பாக்ஸுக்கோ ஷெல் கோருக்கோ மாறலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இந்த வெட்டுத் துண்டுகளே நல்ல சான்று. தடிமன் வித்தியாசம் தொடர்ந்து வந்தால் மாறுங்கள்.

விட்டத்திலும் கவனம் வேண்டும். இம்பெல்லரின் விட்டம் 3 சதவீதம் கூடினால் அது இழுக்கும் சக்தி சுமார் 9 சதவீதம் கூடும். ஹெட் கொஞ்சம் கூடுதலாக வரட்டும் என்று கடைசலில் விடப்படும் அந்த மில்லிமீட்டர்கள் மோட்டாரைச் சுடவைக்கும்.

கடைசல்: கேஜ் சொல்லாதது

6205 பேரிங்கின் வெளிவிட்டம் 52 மி.மீ. அது உட்காரும் துளைக்கு எச்7 அளவு என்றால் 52.000 முதல் 52.030 வரை அனுமதி. கோ-நோகோ கேஜை விட்டுப் பார்த்து, சரி, சரி, சரி என்று ஒருவர் தள்ளிக்கொண்டே இருப்பார். மதியம் திடீரென்று கேஜ் நுழையாது. எத்தனை பீஸ் போயிருக்கிறது என்று தேடுவார்கள்.

அதே துளையை அளந்து எழுதியிருந்தால் காலை எட்டரைக்கு 52.022, பத்துக்கு 52.017, பதினொன்றரைக்கு 52.011, ஒரு மணிக்கு 52.006 என்று இறங்கிவருவது தெரிந்திருக்கும். உள்துளை கடையும் டூல் தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே போகும். எல்லாமே அனுமதிக்குள் இருந்த பீஸ்கள்தான். ஆனால் எங்கே போய் முடியும் என்பது பதினொன்றரைக்கே தெரிகிறது. 1924-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூஹார்ட் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம் செய்வது இதைத்தான்: கெட்ட பீஸ் வருவதற்கு முன்பே, முறை நகர்கிறது என்று சொல்கிறது. இதற்குக் கணினி வேண்டாம். ஒரு அட்டை, ஒரு பென்சில், ஒரு போர் கேஜ், துளையைக் கடைகிற ஆபரேட்டரே போதும். அட்டையை க்யூசி ஆபீஸில் மாட்டாதீர்கள், மெஷினில் மாட்டுங்கள்.

தொகுதியின் அளவும் இங்கே வருகிறது. செட்டிங் மாற்ற 40 நிமிடம் ஆகிறது என்றால் 20 பீஸ் ஓட்டினால் பீஸுக்கு 2 நிமிடம் செட்டிங்கில் போகிறது. 200 ஓட்டினால் 12 விநாடி. அதனால் சூப்பர்வைசர் 200-தான் ஓட்டுவார். அந்த 200-ம் தவறாகப் போனால் அசெம்பிளிக்கு வரும்வரை யாருக்கும் தெரியாது. பெரிய தொகுதி குறையை ஒளித்துவைக்கும். சிறிய தொகுதி ஓட்ட வேண்டும் என்றால் செட்டிங் நேரத்தைக் குறைக்க வேண்டும். டொயோட்டாவில் ஷிகேயோ ஷிங்கோ 1,000 டன் பிரஸ் ஒன்றின் டை மாற்றத்தை 4 மணி நேரத்திலிருந்து 90 நிமிடத்துக்கும் பிறகு 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: மெஷினை நிறுத்தாமலே முன்கூட்டிச் செய்துவைக்கக் கூடிய வேலை எது? உங்கள் லேத்தில் ஜா தேடுவதும், டூல் தேடுவதும், டிராயிங் தேடுவதும் மெஷின் நின்ற பிறகுதான் நடக்கிறதா என்று ஒரு முறை கூடவே நின்று பாருங்கள். நாற்பதில் பாதி அங்கேயே கிடைக்கும்.

வைண்டிங்

வைண்டிங் பிரிவில் பல கம்பெனிகளில் பெண்களே வேலை செய்கிறார்கள். விரல் நுனியில் செய்கிற வேலை. காப்புப் பூச்சுள்ள செம்புக் கம்பியை ஸ்லாட்டுக்குள் இறக்கும்போது ஒரு கீறல் விழுந்தால் போதும், மோட்டாரின் ஆயுள் அங்கே குறைந்துவிடும். மெகர் வைத்துப் பார்த்தால் நல்ல எண் காட்டும். ஏனென்றால் மெகர் சோதிப்பது செம்புக்கும் உடலுக்கும் நடுவே உள்ள காப்பை. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே பட்ட காயம் அதில் தெரியாது. அதற்கு சர்ஜ் டெஸ்ட் வேண்டும், வார்னிஷுக்கு முன்பே செய்ய வேண்டும். அப்போதுதான் கெட்ட காயிலைப் பிரித்துத் திரும்பச் சுற்ற முடியும். தண்ணீர் நிரம்பிய சப்மெர்சிபிள் மோட்டார் என்றால், ஊறவைத்துத் தண்ணீருக்குள்ளேயே வைத்துச் சோதிக்கிற தொட்டி இல்லாமல் அந்த உற்பத்தியைத் தொடங்காதீர்கள்.

கூலி முறையும் ஒரு செய்முறைத் தேர்வுதான். வைண்டிங்குக்குப் பீஸ் ரேட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குறை ஒளிந்துகொள்ளும் வேலையில் வேகத்துக்குக் காசு கொடுத்தால் கீறலுக்குக் காசு கொடுக்கிறோம் என்று பொருள். மாதச் சம்பளம் கொடுங்கள், நல்ல வெளிச்சம் கொடுங்கள், சுற்றியவர் பெயரை ஸ்டேட்டர் எண்ணோடு எழுதிவையுங்கள். பெயர் எழுதுவது தண்டனைக்காக என்று ஆகிவிட்டால் அடுத்த மாதம் கீறலைச் சொல்ல யாரும் வர மாட்டார்கள். கீறல் விழுந்தது என்று தானே எழுந்து வந்து சொல்கிறவரை முதலாளி நேரில் பாராட்டுகிற கம்பெனியில் எரிந்த மோட்டார்கள் குறைவாகவே திரும்பி வருகின்றன.

டெஸ்ட் பெட்

கேசிங்கின் அழுத்தச் சோதனையை, அதிகபட்ச அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில், பெயின்ட்டுக்கு முன்பு செய்யுங்கள். பெயின்ட்டும் பட்டியும் கசிவை ஆறு மாதத்துக்கு மூடிவைக்கும்.

பம்பை ஓட்டிப் பார்ப்பதில் பலரும் பெயர்த் தகட்டில் உள்ள ஒரே ஒரு ஹெட்டில் ஓட்டி, தண்ணீரும் ஆம்பியரும் சரி என்று முடித்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் கிணற்றில் தண்ணீர் மேலே வந்துவிடும், ஹெட் குறையும், தண்ணீர் அதிகமாகப் பாயும், வழக்கமான சென்ட்ரிஃபியூகல் பம்பு அப்போதுதான் அதிக சக்தி இழுக்கும். கோடையில் நன்றாக ஓடிய மோட்டார் ஐப்பசி மழையில் எரிந்தால் விவசாயிக்குப் புரியாது, டீலருக்கும் புரியாது. தகட்டில் எழுதிய ஹெட் வரம்பின் மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை ஓட்டி, எங்கே ஆம்பியர் உச்சம் என்று குறியுங்கள். வோல்டேஜ் குறையும்போது என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். நம் கிராமங்களின் மும்முனை மின்சாரம் உங்கள் டெஸ்ட் பெட்டில் வருகிறதுபோல் வராது. மீட்டர்களையும் கேஜ்களையும் கோவை சிடார்க் போன்ற சோதனை மையத்தில் கொடுத்து ஆண்டுதோறும் சரிபார்த்து வாங்குங்கள். பிழையான மீட்டரில் எடுத்த நல்ல ரிசல்ட்டை நம்பி லாரி ஏற்றக் கூடாது.

சின்ன கம்பெனிக்கு இவ்வளவும் சாத்தியமா என்று கேட்பார்கள். 1998-இல் தரத்துக்கான டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனம், சென்னை பாடியில் பிரேக் பாகங்கள் செய்த சுந்தரம் கிளேட்டன். அது பெரிய நிறுவனம்தான். ஆனால் மேலே சொன்ன அட்டையும் பென்சிலும், வெட்டிப் பார்க்கும் இம்பெல்லரும், ஷிப்ட் வாரிக் கணக்கும் பத்துப் பேர் வேலை செய்யும் ஷெட்டுக்கும் எட்டக்கூடியவை.

திரும்பி வந்த பம்பு

வாரண்டியில் திரும்பி வந்த பம்பைச் சர்வீஸ் ஆள் தனியாகப் பிரித்து, பழுது பார்த்து, அனுப்பிவிடுகிற வழக்கத்தை நிறுத்துங்கள். வாரத்தில் ஒரு நாள் குறித்து, மோல்டிங், கடைசல், வைண்டிங், அசெம்பிளி நான்கிலிருந்தும் ஒருவரைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஜாப் ஒர்க் செய்கிறவரையும் அழையுங்கள். டெபிட் நோட் அனுப்புவதைவிட அவர் தன் கண்ணால் பார்ப்பது பலன் தரும்.

இதற்கு ஒரு முன்னேற்பாடு வேண்டும். கேசிங்கிலும் இம்பெல்லரிலும் எந்த நாள், எந்த உருக்கு என்று காட்டும் ஒரு சிறு குறியீடு காஸ்டிங்கிலேயே புடைப்பாக விழ வேண்டும். பேட்டர்னில் மாற்றி மாற்றிச் செருகும் எழுத்துகள் போதும். பம்பின் வரிசை எண்ணுக்கு எதிரே அந்தக் குறியீட்டையும் ஸ்டேட்டர் எண்ணையும் அசெம்பிளியில் எழுதிவையுங்கள். மூன்று பம்பு திரும்பி வந்து மூன்றிலும் ஒரே உருக்குக் குறி இருந்தால், அதே நாளில் ஊற்றியவை இன்னும் எந்த டீலரின் கடையில் நிற்கின்றன என்று அன்று மாலைக்குள் தொலைபேசியில் கேட்டு நிறுத்திவிடலாம். வாரண்டிக் காலம் முடிந்து இன்னும் ஓராண்டு வரை அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.